வரைபட அடுக்கு: நில அளவைப் புலப்படம் முதல் கணினித் திரை வரை

வரைபட அடுக்கு என்பது, ஒரே வரைபடத்தில் உள்ள கோடுகளையும் எழுத்துகளையும் குறியீடுகளையும் அவை குறிக்கும் பொருளுக்கு ஏற்பப் பிரித்து வைக்கும் முறை ஆகும். வீட்டு வரைபடத்தில் சுவர்கள் ஓர் அடுக்கு, மின்கம்பிகள் ஓர் அடுக்கு, தண்ணீர்க் குழாய்கள் இன்னோர் அடுக்கு. நில வரைபடத்தில் புல எல்லை, வாய்க்கால், பாதை, சர்வே எண் ஆகியவை தனித்தனி அடுக்குகள். கணினி வழி வரைதலில் இதை 'லேயர்' என்பர். வேண்டிய அடுக்கை மட்டும் திரையில் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம், ஓர் அடுக்கில் உள்ளவற்றை மட்டும் ஒருசேரத் தேர்ந்தெடுத்துத் திருத்தலாம்.

இம்முறை கணினியோடு பிறந்ததன்று. ஒரே தாளில் பல வகைச் செய்திகளைக் குழப்பமின்றி வைத்திருக்க வேண்டும் என்ற தேவை, நில அளவை செய்தவர்களுக்கும் கட்டட வரைவாளர்களுக்கும் அச்சகத்தாருக்கும் பல தலைமுறைகளாக இருந்தது. அவர்கள் கண்ட வழிகளே பின்னர் மென்பொருளுக்குள் புகுந்தன. அவ்வாறு புகுந்தபோது அடுக்கின் இயல்பு ஒரு முக்கியமான வகையில் மாறியது. கையால் எடுத்து வைக்கும் தாளாக இருந்த அடுக்கு, கோட்டின் மேல் எழுதப்பட்ட வெறும் பெயராயிற்று. அதன் வசதியும் ஆபத்தும் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே வருகின்றன. இக்கட்டுரை அந்த வரலாற்றைத் தென்காசி மாவட்டம் கடையநல்லூர் வட்டார எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

சங்கிலியும் சர்வே பள்ளியும்

தமிழ்நாட்டில் வரைபடக் கல்வியின் தொடக்கம் நில அளவையே. 1794-இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் எட்டு மாணவர்களுடன் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி அதன் வழிவந்ததே. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளந்து, பின்னர் இந்தியப் பெரும் முக்கோண அளவையாக வளர்ந்த பணியைத் தொடங்கினார்.

லாம்டனின் பணி நாட்டின் வடிவத்தை அளப்பது. ஊர்களுக்குத் தேவைப்பட்டது வேறு. இரயத்துவாரி முறையில் ஒவ்வோர் உழவரும் அரசுக்கு நேரடியாக வரி செலுத்த வேண்டியிருந்தது. எனவே ஒவ்வொரு வயலின் பரப்பும் தனித்தனியே தெரிய வேண்டும். ஜமீன் ஊர்களில் இந்த நிலை பிற்பாடே வந்தது. கடையநல்லூருக்கு அருகிலுள்ள சொக்கம்பட்டி, சிவகிரி போன்றவை ஜமீன்களாக இருந்த ஊர்கள். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் வழியாகவே எஞ்சியிருந்த ஜமீன் நிலங்கள் இரயத்துவாரி முறைக்குள் வந்தன.

வயலை அளக்கப் பயன்பட்ட கருவி, எட்மண்ட் குன்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ஐ ஒட்டி அமைத்த சங்கிலி. அதன் நீளம் 66 அடி. அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எனவே ஓர் ஏக்கர் ஒரு இலட்சம் சதுர லிங்க். ஒரு சென்ட் ஆயிரம் சதுர லிங்க். இன்று பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் எழுதப்பட்டாலும், பேச்சில் சென்ட் கணக்கு நிலைத்திருப்பதற்கு இந்த எளிய பத்தின் மடங்குக் கணக்கும் ஒரு காரணம்.

ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். 100 மீட்டர் நீளமுள்ள வரப்பு ஒரு லிங்க் மட்டும் நகர்ந்தால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் நிலம் சுமார் 20 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய அரை சென்ட். வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத நகர்வு, நிலத்தில் வழக்காக மாறும் அளவு இது.

புலப்படம்: ஒரே தாளில் பல அடுக்குகள்

ஒரு கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனிப் பக்கமாக வரையப்படுவது புலப்படம். அலுவலக வழக்கில் இது எஃப்.எம்.பி. எனப்படும். புலப்படங்களின் தொகுப்பு, அ-பதிவேடு, கிராம வரைபடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஓர் ஊரின் நிலக் கணக்கு முழுமை பெறுகிறது. இவற்றுக்கான அளவையும் எல்லைக் கற்களும் 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின் கீழ் வருகின்றன.

புலப்படத்தைக் கூர்ந்து பார்த்தால், அதில் குறைந்தது நான்கு வகைச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது தெரியும். முதலாவது, புலத்தின் எல்லைக் கோடுகள். இரண்டாவது, நில அளவர் புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த அளவெடுப்புக் கோடுகள். இவை நிலத்தில் வரப்பாகவோ வேலியாகவோ இருப்பதில்லை, கணக்குக்காக மட்டும் உள்ளவை. மூன்றாவது, ஒரு புலத்தை 125/1, 125/2 என்பது போலப் பிரிக்கும் உட்பிரிவுக் கோடுகள். நான்காவது, வாய்க்கால், பாதை, கிணறு, கல் போன்ற நிலக் குறிகளும் அண்டைப் புல எண்களும்.

இந்த நான்கும் ஒரே தாளில் குழம்பாமல் இருக்கக் காரணம் வரையும் ஒழுக்கம். தொடர்கோடு, புள்ளிக்கோடு, கோட்டின் தடிமன், மையின் நிறம், எழுத்தின் இடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. புதிதாகச் செய்யப்படும் உட்பிரிவைச் சிவப்பு மையால் காட்டுவது பழைய வழக்கம். சிவப்புக் கோட்டைக் கண்டவுடன், மூல அளவைக்குப் பின் வந்த மாற்றம் இது என்று படிப்பவர் அறிவார். கணினியில் இன்று அடுக்குக்கு நிறம், கோட்டு வகை, கோட்டுத் தடிமன் ஆகிய மூன்றும் கொடுக்கப்படுகின்றன. மை தொட்டு வரைந்தவர்கள் கைக்கொண்ட அதே மூன்று அடையாளங்கள் இவை.

புலப்படத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1:2000 என்ற அளவில் வரையப்பட்ட படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு, நிலத்தில் ஒரு மீட்டர் அகலத்தை மூடிவிடும். ஆகவே கோட்டை அளவுகோலால் அளந்து எல்லையை முடிவு செய்ய முடியாது. கோட்டின் அருகே எழுதப்பட்ட எண்ணே சான்று; கோடு அந்த எண்ணை விளக்கும் படம். அளவு எண்கள் என்ற அடுக்கு மங்கிவிட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

கடையநல்லூர்: மாறுவதும் மாறாததும்

அடுக்குகளைப் பிரித்து வைப்பது ஏன் தேவை என்பதை ஓர் ஊரின் வரைபடத்தைக் கொண்டே உணரலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள கடையநல்லூரின் நிலப்பரப்பில் குளங்களும், கருப்பாநதி போன்ற ஓடைகளின் நீரைக் கொண்டுசெல்லும் வாய்க்கால்களும், நெல் வயல்களும் பழைய அடுக்கு. அதன் மேல் 1927-இல் திறக்கப்பட்ட விருதுநகர் - தென்காசி இரயில் பாதை வந்தது. திருமங்கலத்திலிருந்து இராஜபாளையம், கடையநல்லூர், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை இன்னோர் அடுக்கு.

அந்தச் சாலைக்கு முன்பு 208 என்று எண், இப்போது 744. சாலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. எண் மட்டும் மாறியது. ஊரின் நிர்வாக எல்லைகளும் அவ்வாறே. 1986-இல் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடிப் பகுதி பிரிந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. முன்பு தென்காசி வட்டத்தில் இருந்த கடையநல்லூர் இன்று தனி வட்டம். சங்கரன்கோவில், சிவகிரி, செங்கோட்டை போன்ற வட்டங்களோடு புதிய மாவட்டத்தில் இருக்கிறது. இத்தனை மாற்றங்களிலும் ஒரு வயலின் நான்கு மூலைக் கற்கள் நகரவில்லை.

எல்லாக் கோடுகளும் ஒரே தாளில் பிரிக்க முடியாதபடி வரையப்பட்டிருந்தால், மாவட்ட எல்லை மாறும்போது முழுப் படத்தையும் மீண்டும் வரைய வேண்டும். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் கை தவறி வரப்பு சற்று நகரலாம். நிர்வாக எல்லை தனி அடுக்காக இருந்தால், அதை மட்டும் எடுத்து மாற்றலாம். வயல் எல்லையைத் தொடவே வேண்டியதில்லை. அடிக்கடி மாறுவதை, மாறக்கூடாததிலிருந்து பிரித்து வைப்பதே அடுக்கு முறையின் முதல் பயன்.

ஒளிபுகும் தாள்

கோடுகளை மை நிறத்தால் மட்டும் பிரித்த நிலையிலிருந்து, தாள்களாகவே பிரிக்கும் நிலைக்கு வரைவாளர்களைக் கொண்டுவந்தது ஒளிபுகும் தாள். மெழுகோ எண்ணெயோ ஏற்றிய துணியும் தாளும் 19-ஆம் நூற்றாண்டில் வரைபட அலுவலகங்களில் பரவின. 1842-இல் ஜான் ஹெர்ஷெல் கண்டுபிடித்த நீலப்படி முறையில், ஒளிபுகும் தாளில் வரைந்த படத்தை வேதிப்பொருள் பூசிய தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால், நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாகப் படி கிடைக்கும். 'புளூபிரிண்ட்' என்ற சொல் அப்படி வந்ததே. பின்னர் வந்த அமோனியா பிரிண்ட், வெள்ளைத் தாளில் நீலக் கோடுகளைத் தந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலியெஸ்டர் தாள்கள் வந்தபோது முறை முழுமை பெற்றது. ஒவ்வொரு தாளின் விளிம்பிலும் ஒரே இடத்தில் துளைகள் இடப்பட்டன. மேசையில் பதித்த உலோக முளைகளில் அந்தத் துளைகளை மாட்டினால், எத்தனை தாள்களை அடுக்கினாலும் ஒன்று இம்மியும் விலகாது. அடித்தாளில் சுவர்கள்; அதன் மேல் மின்பொறியாளரின் தாள்; வேறொரு சமயம் அதே அடித்தாளின் மேல் குழாய்த் தாள். தேவையான தாள்களை மட்டும் சேர்த்துப் படி எடுத்தால், ஒவ்வொரு தொழிலாளிக்கும் தன் வேலைக்குரிய படம் கிடைத்தது.

இதே கருத்தை நெல்லை, விருதுநகர்ப் பகுதி மக்கள் வேறொரு தொழிலில் நன்கு அறிவர். சிவகாசியின் காலண்டர் அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடு உண்டு. தகடுகள் சரியாகப் பொருந்தாவிட்டால் உருவத்தின் விளிம்பில் நிறம் பிதுங்கிவிடும். தாளின் ஓரத்தில் அச்சிடப்படும் சிறிய சிலுவைக் குறிகள் அந்தப் பொருத்தத்தைப் பார்ப்பதற்கே. இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலவியல் வரைபடங்களிலும் நீர்நிலை நீலத்திலும் சம உயரக் கோடு பழுப்பிலும் அச்சானது இவ்வாறே.

1969-இல் இயன் மெக்ஹார்க் எழுதிய 'டிசைன் வித் நேச்சர்' என்ற நூல், ஒளிபுகும் வரைபடங்களை அடுக்கிப் பார்த்து, எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று முடிவு செய்யும் முறையைப் பரவலாக்கியது. சரிவு, மண், நீரோட்டம், காடு ஒவ்வொன்றும் ஒரு தாள். எல்லாத் தாள்களையும் ஒளிக்கு எதிரே பிடித்தால், கருமை மிகுந்த இடம் தொடக்கூடாத இடம் என்று தெரிந்துவிடும்.

கணினிக்குள் வந்த அடுக்கு

1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் தம் ஆய்வுப் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு வரையலாம். வரைந்த கோட்டைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு மூலப் படத்தைத் திருத்தினால் அதன் படிகள் எல்லாம் தாமே திருந்தும். வரைந்ததைப் பின்னர் சுட்டிக்காட்டி மாற்றலாம் என்பதே காகிதத்துக்கும் கணினிக்கும் உள்ள பெரிய வேறுபாடு. அதே பத்தாண்டில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் வழிகாட்டலில் நிலப் பயன்பாட்டு வரைபடங்களை அடுக்கடுக்காகக் கணினியில் ஏற்றும் பணி நடந்தது. இன்றைய புவியியல் தகவல் முறையின் முன்னோடி அது.

1982-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வெளியிட்ட ஆட்டோகேட், மேசைக் கணினியில் இயங்கும் வரைபட மென்பொருளைச் சிறிய அலுவலகங்களுக்கும் எட்டச் செய்தது. அக்காலத்தில் படத்தைத் தாளில் வரைந்தது பேனா பிளாட்டர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பேனா. ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு தடிமன். எனவே திரையில் சிவப்பு என்பது பெரும்பாலும் சிவப்பு மையைக் குறிக்கவில்லை; குறிப்பிட்ட தடிமனுள்ள பேனாவைக் குறித்தது. பேனா பிளாட்டர்கள் மறைந்த பின்னும், நிறத்தைக் கொண்டு தடிமனை முடிவு செய்யும் பழக்கம் பல அலுவலகங்களில் தொடர்கிறது.

மைக்ரோஸ்டேஷன் என்ற மற்றொரு மென்பொருளில் நீண்ட காலம் அடுக்குகளுக்குப் பெயரே இல்லை. 1 முதல் 63 வரை எண்கள் மட்டுமே. எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாள் தொலைந்தால், கோப்பு கையில் இருந்தும் படத்தின் பொருள் தொலைந்ததற்குச் சமம்.

தாள் அன்று, பெயர்

மாணவர்கள் பலர் அடுக்கை, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் என்று கற்கின்றனர். தொடக்கத்தில் புரிந்துகொள்ள இந்த உவமை உதவும். ஆனால் முழு உண்மையன்று. படம் திருத்தும் போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் மேல் அடுக்கு கீழ் அடுக்கை மறைக்கும். அங்கே அடுக்கு உண்மையிலேயே மேலும் கீழுமாக இருக்கிறது. வரைபட மென்பொருளில் அவ்வாறில்லை.

ஆட்டோகேட் கோப்புகளைப் பிற மென்பொருள்களுடன் பரிமாறிக்கொள்ளப் பயன்படும் டி.எக்ஸ்.எஃப். கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து படிக்க முடியும். அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி ஆகியவற்றோடு, 8 என்ற குறி எண்ணின் கீழ் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரே அடுக்கு. அதாவது கோடுகள் தாள்களில் கிடக்கவில்லை. எல்லாக் கோடுகளும் ஒரே குவியலில் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்ற சீட்டு மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. நிறம் தனியாகக் குறிக்கப்படாத கோடு, தன் அடுக்கின் நிறத்தை எடுத்துக்கொள்கிறது. அடுக்கின் நிறத்தை ஓரிடத்தில் மாற்றினால், ஆயிரம் கோடுகள் ஒரே கணத்தில் மாறுகின்றன.

சீட்டு தவறாக ஒட்டப்பட்டால் கணினி கேள்வி கேட்காது. வாய்க்கால் கோட்டின் மேல் 'சுவர்' என்று எழுதியிருந்தால், கணினிக்கு அது சுவர்தான். அடுக்கின் பொருள் வரைபவரின் மனத்திலும் படிப்பவரின் மனத்திலும் மட்டுமே உள்ளது.

அணைத்தல், உறைய வைத்தல், பூட்டுதல்

அடுக்கு மேலாண்மையில் மூன்று நிலைகளைத் தெளிவாக அறிய வேண்டும். ஆட்டோகேட் வழக்கில் அவை பின்வருமாறு.

அணைத்தல்: அடுக்கு திரையில் தெரியாது, அச்சிலும் வராது. ஆனால் கோப்பில் அது விழிப்புடனேயே இருக்கிறது.

உறைய வைத்தல்: அடுக்கு தெரியாது, அச்சாகாது, படத்தை மீண்டும் கணக்கிடும்போது மென்பொருள் அதைப் பொருட்படுத்தவும் செய்யாது. பெரிய கோப்புகளில் வேகம் கூடும். அப்போது வரைந்துகொண்டிருக்கும் அடுக்கை மட்டும் உறைய வைக்க முடியாது.

பூட்டுதல்: அடுக்கு தெரியும், அதன் முனைகளைப் பிடித்துப் புதிய கோடு வரையலாம், ஆனால் அதில் உள்ளவற்றை நகர்த்தவோ அழிக்கவோ முடியாது. நில வரைபடத்தில் மூல எல்லை அடுக்குக்கு மிகவும் பொருத்தமான நிலை இதுவே.

இவற்றோடு இரண்டு சிறப்பு அடுக்குகளும் உண்டு. '0' என்ற அடுக்கு எல்லாக் கோப்பிலும் இருக்கும். அதை நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. அளவுக் குறிகள் இடும்போது தானே தோன்றும் 'டெஃப்பாயின்ட்ஸ்' என்ற அடுக்கு, திரையில் தெரியும்; அச்சில் வராது. தெரியாமல் அதில் வரைந்துவிட்டு, அச்சுத் தாளில் கோட்டைக் காணாமல் தேடுவது தொடக்க மாணவர்களுக்கு அடிக்கடி நேர்வது.

தேர்ந்தெடுத்தல்

ஒரு கோட்டைச் சுட்டியால் தொட்டுத் தேர்ந்தெடுப்பது எளிது. நூற்றுக்கணக்கான கோடுகளைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் வரைய வேண்டும். இடமிருந்து வலமாகச் சட்டத்தை இழுத்தால், முழுவதும் உள்ளே அடங்கியவை மட்டும் சிக்கும். வலமிருந்து இடமாக இழுத்தால், சட்டம் தொட்டவை எல்லாம் சிக்கும். திசை ஒன்று மாறினால் விளைவே மாறிவிடும். ஒரு மனையை நகர்த்த எண்ணி வலமிருந்து இழுத்தால், அதைத் தொட்டுச் செல்லும் புல எல்லையும் சேர்ந்து நகரலாம்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொடக்கூடாத அடுக்கை முன்பே பூட்டிவிடுவது. மற்றொன்று, வேண்டிய அடுக்கை மட்டும் தனிமைப்படுத்தி வேலை செய்வது. அடுக்கின் பெயர், நிறம், பொருளின் வகை ஆகியவற்றைச் சொல்லி வடிகட்டித் தேர்ந்தெடுக்கும் வசதியும் உள்ளது. 'வாய்க்கால் அடுக்கில் உள்ள கோடுகள் மட்டும்' என்று கேட்டால் அவை மட்டும் வரும்.

இங்கேதான் அணைத்தலுக்கும் உறைய வைத்தலுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகிறது. 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்று ஆட்டோகேட்டில் கட்டளையிட்டால், உறைந்த அடுக்கும் பூட்டிய அடுக்கும் தப்பும். அணைத்த அடுக்கு தப்பாது. கண்ணுக்குத் தெரியாத கோடுகளும் தேர்வில் சேர்ந்து, நகரும் அல்லது அழியும். பாலியெஸ்டர் தாள் காலத்தில் மறைத்த தாள் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. கணினியில் மறைத்த கோடு அதே குவியலில்தான் கிடக்கிறது. தாளுக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாட்டின் விலை இது.

பெயரிடும் ஒழுங்கு

ஒருவர் வரைந்த கோப்பை இன்னொருவர் திறக்கும் நிலை வந்தவுடன் பெயரிடும் மரபு தேவைப்பட்டது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 1990-இல் அடுக்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி பெயரின் முதல் எழுத்து துறையைக் குறிக்கும்: கட்டடக் கலைக்கு 'ஏ', கட்டமைப்புக்கு 'எஸ்', மின்சாரத்துக்கு 'இ'. அடுத்து வருவது பொருள். 'ஏ-வால்' என்றால் கட்டடக் கலைஞர் வரைந்த சுவர். 1998-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13567 என்ற பன்னாட்டுத் தரம், யார் பொறுப்பு, எந்த உறுப்பு, எவ்வகைக் காட்சி என்ற மூன்றையும் பெயரில் கட்டாயமாக்கியது. கடையநல்லூரிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் சென்று குடியேறிய சிங்கப்பூரிலும், கட்டுமான வரைபட அடுக்குகளின் பெயர்களுக்கெனத் தனித் தரவிதி வகுக்கப்பட்டது.

நல்ல அடுக்குப் பெயர், பொருளைச் சொல்ல வேண்டும். மாறக்கூடிய அடையாளத்தைச் சொல்லக்கூடாது. சாலை அடுக்குக்கு 'தே.நெ. 208' என்று பெயரிட்ட கோப்பு, எண் 744 ஆனவுடன் பழையதாகிவிடும். 'நெடுஞ்சாலை எல்லை' என்ற பெயர் பழையதாகாது. 'புதியது', 'கடைசி', 'லேயர் 1' போன்ற பெயர்கள், வரைந்தவருக்கே அடுத்த ஆண்டு புரியாமல் போகும்.

இந்தியாவின் பல உள்ளாட்சி அமைப்புகளில் கட்டட வரைபடங்களை இப்போது மென்பொருளே முதலில் சரிபார்க்கிறது. மனை எல்லை, கட்டடத்தின் வெளிச்சுற்று, காலியிடம் ஆகியவை குறித்த பெயருள்ள அடுக்குகளில் இருந்தால்தான் அது பரப்பைக் கணக்கிடும். கோடு சரியாக இருந்து பெயர் தவறாக இருந்தால், வரைபடம் திரும்பி வந்துவிடும்.

புலப்படம் கணினிக்கு வந்தது

தமிழ்நாட்டில் புலப்படங்களைக் கணினியில் ஏற்றத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'கொலாப்லேண்ட்' என்ற மென்பொருள் பயன்படுகிறது. இதன் அணுகுமுறை கவனிக்கத்தக்கது. பழைய தாளைப் படம் பிடித்து அதன் மேல் கோடு இழுப்பதற்குப் பதிலாக, புலப்படத்தில் எழுதப்பட்ட அளவுகளை உள்ளிட்டால் மென்பொருள் அந்த எண்களிலிருந்து புலத்தை மீண்டும் வரைகிறது. கோட்டைவிட எண்ணே சான்று என்ற பழைய நில அளவை நெறிக்கு இது பொருந்துகிறது. தாள் சுருங்கியிருந்தாலும் மடிந்திருந்தாலும் எண் சுருங்குவதில்லை.

தனித்தனிப் புலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர் முழுவதையும் இணைக்கும்போது அடுத்த சிக்கல் எழுகிறது. இரண்டு புலங்களுக்கும் பொதுவான வரப்பின் அளவு இரு பக்கங்களிலும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால், கணினியில் இடைவெளியோ மேற்படிவோ தோன்றும். தாள் காலத்தில் தனித்தனிப் பக்கங்களில் மறைந்திருந்த முரண், அடுக்கும் பொருத்தமும் வந்தவுடன் வெளிப்படுகிறது. அதைத் தீர்ப்பது மென்பொருளின் வேலையன்று. நிலத்தில் கல்லைத் தேடிப் பார்த்து அளக்க வேண்டிய நில அளவரின் வேலை.

இன்று பட்டாவையும் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் அரசின் இணையச் சேவையில் பார்க்கலாம். சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருப்பவர், சொந்த ஊர் நிலத்தின் படத்தைக் கைப்பேசியில் திறக்கலாம். ஆனால் படம் கிடைப்பதும் படத்தைப் படிக்கத் தெரிவதும் வேறு வேறு. எது எல்லைக் கோடு, எது அளவெடுப்புக் கோடு என்று பிரித்தறியாதவர், கணக்குக்காக வரைந்த மூலைவிட்டத்தைத் தம் வயலைக் கூறுபோடும் வரப்பு என்று எண்ணிவிடக்கூடும்.

மறைந்த அடுக்கும் மறையாத வாய்க்காலும்

வயல்கள் வீட்டு மனைகளாகும் ஊர்களில் அடுக்கு மேலாண்மை, நீரின் வழியோடும் தொடர்புடையதாகிறது. பட்டா நிலத்தின் நடுவே செல்லும் வாய்க்காலைப் புலப்படம் காட்டும். அந்தப் புலத்தின் மேல் மனைப்பிரிவு வரைபவர், மனைகளும் சாலைகளும் மட்டும் தெரியும்படி வாய்க்கால் அடுக்கை அணைத்து அச்சிட்டால், தாளில் நேரான மனைகள் அழகாக வரிசையாக நிற்கும். வாங்குபவர் பார்ப்பது அந்தத் தாளை மட்டுமே. மழைக்காலத்தில் குளம் நிரம்பி மறுகால் பாயும்போது, நீர் அச்சுத் தாளைப் பார்த்து வழி மாறாது.

நீர்நிலைகளைக் காக்க 2007-இல் தமிழ்நாடு குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்தது. அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. இவற்றைச் செயற்படுத்தும் அலுவலரும், மனை வாங்கும் குடும்பமும், வரையும் இளைஞரும் ஒரே வரைபடத்தையே நம்பியிருக்கின்றனர். மனைப்பிரிவுப் படத்தோடு அதே சர்வே எண்ணின் புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் வைத்து ஒப்பிடுவது, வாங்குபவர் தாமே செய்யக்கூடிய எளிய சோதனை. ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத கோடு எது என்று தேடினால் போதும்.

தொழிற்பயிற்சி நிலையங்களின் கட்டட வரைவாளர் பிரிவிலும் பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் கணினி வரைபடம் பாடமாக உள்ளது. லிப்ரேகேட், க்யூஜிஸ் போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் வந்தபின் வீட்டிலேயே பயிற்சி பெறவும் முடிகிறது. கற்பவர் முதலில் பழக வேண்டியவை மூன்று: வரையத் தொடங்குமுன் அடுக்குகளின் பட்டியலை எழுதுதல், மூல எல்லையைப் பூட்டி வைத்தல், கோப்பைப் பிறரிடம் கொடுக்கும்போது எந்தெந்த அடுக்குகள் மறைந்துள்ளன என்று உடன் எழுதிக் கொடுத்தல். மூன்றாவதற்கு மென்பொருளில் தனிப் பொத்தான் எதுவும் இல்லை. அதை வரைபவரே செய்ய வேண்டும்.